ஐந்து நட்சத்திர மொய்

ஜூன் 3, செவ்வாய்

தண்ணி லாரி இன்னைக்கும் வரல. போன் பண்ணினா "வந்துட்டே இருக்கேனுங்கக்கா"ங்கறான். நேத்துல இருந்து எங்க வந்துட்டே இருக்கானோ தெரியல. சமையல் மாராத்தா பாத்திரத்தையெல்லாம் தொட்டியில குவிச்சு வெச்சுட்டு எம்மூஞ்சியவே பாக்கறா. நான் என்ன பண்ணட்டும்.

அண்ணன் அன்னூர்ல இருந்து வந்துட்டுப் போனார். எப்பவும்போல கார் ஷெட்டுலயே சேர் போட்டு உக்காந்து காபி குடிச்சார். இந்த வீடு அவர் பேர்ல இருக்கு. எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்பறம் "இத வெச்சு ஏதாச்சும் பண்ணிப் பொழச்சுக்க"ன்னு சாவிய நீட்டினவர் அவர்தான், அத நான் எப்பவும் மறக்க மாட்டேன். அப்பத்தான் லேடீஸ் ஹாஸ்டல் வெச்சேன். இப்ப கணபதிப் பக்கமெல்லாம் எடம் வெலை ஏறிக் கெடக்குதாம், ஒரு பில்டர் அண்ணன் பின்னாலயே சுத்தறான்.

"ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன் பாக்கியம். கட்டில் நெறஞ்சா நீயே நடத்து. இப்படிப் பாதி காலியாவே கெடந்துச்சுன்னா ஆவணி பொறந்ததும் பத்திரம் பண்ணிக் குடுத்தறேன். உனக்கு நம்ம ஊட்டுலயே ஒரு ரூம் இருக்குது"ன்னார்.

அண்ணன் ஊட்டுல ஒரு ரூம். அண்ணி சொல்ற குழம்ப வெச்சுட்டு, அண்ணி பாக்கற சீரியலப் பாத்துட்டு. எனக்கு அம்பது வயசு ஆகுது. சரிங்கண்ணான்னு தலையாட்டிட்டு டம்ளரக் கழுவி வெச்சேன்.

ஜூன் 5, வியாழன்

மாடி ரூம் ஜெபிஷாவுக்கு அவங்க அண்ணன் நாகர்கோவில்ல இருந்து ஒரு பெரிய பெட்டியும் நேந்திரங்கா சிப்ஸும் கொண்டு வந்திருந்தான். மாடிக்குத் தூக்கிட்டுப் போய் வெச்சுட்டு வந்தறட்டுமான்னு கேட்டான். கேட்டத் தாண்டி ஆம்பளைக்கு வேலை இல்லன்னு சொல்லிட்டேன். "எங்கூடப் பொறந்தவன் ஆன்ட்டி"ன்னு அவ சொல்றா. கூடப் பொறந்தவன்னா எனக்கென்ன, எங்கண்ணனே இந்த வீட்டுல கார் ஷெட்டோட சரி. பெட்டிய அவளும் மாராத்தாவும் சேர்ந்துதான் தூக்கினாங்க.

சாயங்காலம் மழை. அதே பொண்ணு நேரத்துக்கு வரல, போனும் எடுக்கல. ஆபீசுக்கே அடிச்சுக் கேட்டேன். அங்க யாரோ மேனேஜராம், மீட்டிங்ல இருந்தவளக் கூப்பிட்டு "உங்க வார்டன் லைன்ல இருக்காங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டானாம். வந்தவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம மாடிக்குப் போயிட்டா. போகட்டும், பத்திரமா வந்துட்டாளே.

ஜூன் 7, சனி

லாரி வந்துச்சு, கூடவே வயித்தெரிச்சலும். புது டிரைவர், போன்ல மேப் போட்டு வந்திருக்கான். குழாயச் சொருகிட்டு, "யக்கா, உங்க ஹாஸ்டலுக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் போட்டிருக்காங்க, பாத்தீங்களா"ங்கறான். வாங்கிப் பார்த்தேன். மழைக்குருவின்னு ஒரு பேர்ல யாரோ எழுதியிருக்காங்க. இங்க அப்படியே எழுதி வெக்கறேன், எவன்னு கண்டுபிடிக்கறப்ப உதவும்.

"சாம்பார்ல பருப்பத் தேடணும். வார்டன் சாயங்காலம் ஆனா கேட்டுக்கிட்ட சேர் போட்டு உக்காந்திடும், கடைசிப் பொண்ணு உள்ள வர்ற வரைக்கும் எந்திரிக்காது. கொஞ்சம் லேட்டானா ஆபீசுக்கே போன். கூடப் பொறந்த அண்ணனக்கூட உள்ள விடாது. எங்கம்மா எவ்வளவோ தேவலை."

யாரு இந்த மழைக்குருவி. பக்கத்துத் தெருவுல புதுசா ஹாஸ்டல் வெச்சிருக்கானே, அவனாத்தான் இருக்கணும். என் சாம்பாரப் பத்திப் பேச அவனுக்கு என்ன தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

ஜெபிஷாவுக்கு வேலையே இந்த மாதிரி சமாச்சாரந்தானாம். கடைக்காரங்க, கிளினிக்குக்காரங்க எல்லாம் கூகுள்ல தேடினா மொதல்ல வர்றாப்பல செஞ்சு குடுக்கற கம்பெனி. அதனால அவளையே கூப்பிட்டு, இத அழிச்சுக் குடு கண்ணுன்னேன். பாவம், முகம் வெளுத்துப் போச்சு. என்மேல அவ்வளவு அக்கறை.

"நம்மளால அழிக்க முடியாது ஆன்ட்டி. எழுதினவங்கதான் அழிக்கணும். நீங்க கீழ பதில் எழுதலாம்"னா.

"எழுதறேன், நாக்கப் புடுங்கிக்கறாப்பல எழுதறேன்"னேன்.

"கோவமா எழுதினா உங்க பேர்தான் கெடும். இனிமே தேடிட்டு வர்றவங்க படிக்கறதுக்காக எழுதணும், மழைக்குருவிக்காக இல்ல"ன்னா. அப்பறம் அவளாவே உக்காந்து மளமளன்னு வேலை செஞ்சா. மேப்ல நம்ம குறி பின்னாடி தெருவுல இருந்துச்சாம், நகத்தி வெச்சா. நான் வெச்சிருந்த ரோஜாப்பூப் படத்த எடுத்துட்டு, கட்டில், பாத்ரூம், சோத்துத் தட்டு எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி போட்டோ எடுத்துப் போட்டா. "ஊர்ல இருக்கற அம்மா அப்பா போன்ல என்ன அடிச்சுத் தேடுவாங்களோ அந்த வார்த்தை இதுல இருக்கணும் ஆன்ட்டி. சௌகரியமான உறைவிடம்னு யாரும் தேட மாட்டாங்க. லேடீஸ் ஹாஸ்டல், கணபதி, பஸ் ஸ்டாப் பக்கம், அப்படித்தான் தேடுவாங்க."

போன் நம்பர், நான் ஹாஸ்டல் வெச்சப்பக் குடுத்த எங்க வீட்டுக்காரர் நம்பர்தான் இருந்துச்சு. மாத்தட்டுமான்னு கேட்டா. அந்த போன நான் தினமும் சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன், அதனால எந்த அழைப்பும் தவறினதில்ல. அத அப்படியே விடு, என்னோடதையும் சேத்துப் போடுன்னேன்.

கடைசியா ஒண்ணு சொன்னா. இங்க தங்கியிருக்கறவங்க, தங்கிட்டுப் போனவங்க, அவங்ககிட்ட மட்டும் கேக்கணுமாம். அவங்கவங்க வார்த்தையில, ஒவ்வொருத்தரா, நிதானமா எழுதட்டுமாம். நிதானமாம். ஆடிக்கு எவ்வளவு நாள் இருக்குன்னு இவளுக்குத் தெரியுமா.

ஜூன் 14, சனி

கத்திரிக்காய் விக்கற வெலையப் பாத்தா காய்காரன்கிட்டயே ஒரு ரூம் கேட்டுத் தங்கிடலாம் போல. மழைக்குருவி இன்னும் அங்கயே உக்காந்திருக்கு. ஒரு அட்மிஷனும் இல்ல.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. அன்னூர்ல கோயில் பக்கத்து மண்டபம். சனமான சனம்.

சாப்பாட்டுப் பந்தியில அண்ணிகிட்ட மழைக்குருவியப் பத்திச் சொல்லிட்டேன். யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். அண்ணி எலைய மூடிட்டு, "ஒரு ஸ்டாருக்கா இப்படிக் கவலப்படறே? இங்க இத்தன பேர் இருக்கறோம், ஆளுக்கு அஞ்சு போட்டா அது எந்த மூலைக்கு? மொய் மாதிரித்தானே. இன்னைக்கு உனக்கு நாங்க வெக்கறோம், நாளைக்கு எங்களுக்கு நீ வெய்யி"ன்னாங்க.

அவ்வளவுதான். மொய் எழுதற மேசையில உக்காந்திருந்த சின்னச்சாமி மாமன் காதுக்கு விஷயம் போச்சு. அவர் கையில மைக் வேற. "தாய்மாமன் சீர், மோதிரம் ஒண்ணு. கணபதி பாக்கியம் ஹாஸ்டலுக்கு, நூல் மில் கிட்டுச்சாமி குடும்பத்தார், அஞ்சு ஸ்டார். டிராக்டர் கடை ஆறுச்சாமி, அஞ்சு ஸ்டார்." ஒவ்வொரு பேரா மைக்ல சொல்லச் சொல்ல, போடாதவங்களுக்கு வெக்கமாப் போயி, போனத் தூக்கிட்டு வரிசையில வந்து நிக்கறாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு அண்ணன் மகன் எழுதிக் குடுத்தான்.

அண்ணன் மட்டும் தனியா ஒரு தூணோரம் போயி, மூக்குக் கண்ணாடியப் போட்டுட்டு ரொம்ப நேரம் ஒத்த விரல்ல அடிச்சுட்டே இருந்தார். என்ன எழுதறீங்கன்னு கேட்டேன். "உனக்கெதுக்கு, போ"ன்னார்.

திருப்பி வெக்கணுமே. பஸ்ஸுல வர்றப்ப சொந்தக்காரங்க கடைக்கெல்லாம் அஞ்சு அஞ்சா அழுத்தினேன். டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு "நல்ல தரம், நல்ல உழைப்பு"ன்னு எழுதினேன். நான் டிராக்டர் மேல ஏறினதுகூட இல்ல.

ஜூன் 24, செவ்வாய்

ஒண்ணு இருந்த எடத்துல இப்ப நாலே முக்கால். மழைக்குருவி எங்கயோ அடியில போயிருச்சு. மாராத்தாவுக்குக்கூடக் காட்டினேன். ஜெபிஷா வெளியூர்ல வேலையா இருக்கா, வந்ததும் காட்டணும்.

அண்ணன் எழுதினதப் படிச்சேன். சாயங்காலம் இன்னொரு தடவ படிச்சேன், கண்ணாடி சரியில்ல.

ஜூன் 30, திங்கள்

போன் வருது, ஆனா என்னமோ மாதிரி வருது. திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா, "ஏனுங்க, அது லேடீஸ் ஹாஸ்டல்தானுங்களே?"ன்னு கேக்கறாங்க. ஆமாங்கன்னேன். "லேடீஸ் மட்டும்தானுங்களே?" லேடீஸ் ஹாஸ்டல்ல வேற யாரு இருப்பாங்கன்னு கேட்டேன். கொஞ்சம் வேகமாத்தான் கேட்டுட்டேன். வெச்சுட்டாங்க.

ஈரோட்டுல இருந்து ஒருத்தர் பொண்ணோட நேர்லயே வந்தார். உள்ளயே வரல. கேட்டுல நின்னு மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க"ன்னு ஆட்டோவத் திருப்பிட்டார். அந்தப் பொண்ணு என்னையப் பாத்த பார்வையில ஒரு பயம் இருந்துச்சு. ராகி களி கிண்டின கையோட போனதாலயோ என்னமோ.

ஜூலை 4, வெள்ளி

இன்னைக்கு விஷயம் உடைஞ்சுது.

காலையில தர்மபுரியில இருந்து ஒரு அம்மா. சாப்பாடு, தண்ணி, பூட்டு எல்லாம் கேட்டுட்டு, மெதுவா, "உங்கண்ணன் வாராவாரம் பொண்ணுங்க ரூமுக்குள்ள வருவாராமே"ன்னாங்க. யாருங்க சொன்னதுன்னேன். "அவரே எழுதியிருக்காருங்களே."

ஜெபிஷா ஊர்ல இருந்து வந்து பைய எறக்கக்கூட இல்ல, புடிச்சு உக்கார வெச்சேன். எல்லாத்தையும் சத்தமாப் படி கண்ணுன்னேன். படிச்சா.

கிட்டுச்சாமி மாமன், மீசையோட போட்டோ: "குடும்பத்துடன் தங்கினோம். காற்றோட்டமான அறை. இரவு நல்ல உறக்கம். மீண்டும் வருவேன்." எங்கயோ லாட்ஜுக்கு யாரோ எழுதினதப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கார்.

டிராக்டர் ஆறுச்சாமி: "பெண் பிள்ளைகள் நிறைய. நல்ல இடம்."

இத எழுதறப்பக் கையெல்லாம் கூசுது. அந்த மனுசன் நெஜமா வெள்ளந்தி, என்ன எழுதறோம்னே தெரியாம எழுதியிருக்கார். அதுக்கு மேல, ஹாஸ்டல் பால் காய்ச்சின அன்னைக்கு எடுத்த போட்டோவ ஒருத்தர் போட்டிருக்கார். வேட்டி துண்டோட சொந்தக்காரங்க அத்தன பேரும் நடு ஹால்ல வரிசையா நிக்கறாங்க. லேடீஸ் ஹாஸ்டல்னு தேடறவங்களுக்கு மொதல்ல அதுதான் தெரியுது.

அப்பறம் அண்ணனோடது. "என் தங்கை நடத்தும் விடுதி. நான் வாரம் ஒருமுறை நேரில் சென்று எல்லா அறைகளையும் பார்வையிடுவேன். பெண் பிள்ளைகள் கட்டுப்பாட்டுடன் இருக்கிறார்கள்." இவ்வளவு படிச்சப்பவே, மீதிய நானே படிச்சுக்கறேன்னு போனப் புடுங்கிட்டேன்.

ஜெபிஷா சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. "எல்லாத்தையும் எடுக்கச் சொல்லணும் ஆன்ட்டி. மொதல்ல உங்க அண்ணனோடது. அதத்தான் எல்லாரும் மொதல்ல படிக்கறாங்க"ன்னா.

வெச்ச மொய்ய எடுத்துட்டுப் போங்கன்னு சொந்தத்துல எவளாவது சொல்லுவாளா. அதுவும் வீடு யார் கையில இருக்கோ அந்த மனுசன்கிட்ட.

ஜூலை 6, ஞாயிறு

மேல் தொட்டியக் கழுவினோம். அன்னூர் போகலாம்னு நெனச்சேன், ஈரப் புடவையோட எப்படிப் போறது.

ஜூலை 9, புதன்

மாராத்தாவுக்குக் காய்ச்சல். நானே சமைச்சேன். ரெண்டு பொண்ணுங்க காலி பண்ணிட்டுப் போறதாச் சொல்லிட்டாங்க, கல்யாணம் ஒருத்திக்கு, சென்னையில வேலை இன்னொருத்திக்கு. அண்ணனோடதப் படிச்சேன், சும்மாதான்.

ஜூலை 13, ஞாயிறு

ஜெபிஷா கேட்டா, அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களான்னு. போன்ல கெடைக்கலன்னேன். "தினமும் காலையில அந்தப் பக்கத்தத் தொறந்து என்ன பாக்கறீங்க ஆன்ட்டி?"ன்னா. உன் வேலையப் பாருன்னு சொல்லிட்டேன். பாவம், நல்லதுக்குத்தான் கேட்டா. ராத்திரிக்கு அவளுக்குப் புடிச்ச முட்டைக் குழம்பு வெச்சேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பொறந்தாச்சு. பில்டர் ஆளுக ரெண்டு பேர் வந்து, ரோட்டுல நின்னு டேப்பு வெச்சு முன்பக்கத்த அளந்துட்டுப் போனாங்க. ஆடியில பத்திரம் பண்ண மாட்டாங்க, அளக்கறதுக்கு என்ன தடை. நான் மாடியில துணி காயப் போட்டுட்டு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்தேன்.

எனக்குப் பயமா இருக்கு. இந்த வருசம் மொதத் தடவையா எழுதறேன், பயமா இருக்கு.

ஜூலை 20, ஞாயிறு

அன்னூர் போனேன்.

அண்ணன் தேங்காய் மண்டியில இருந்தார். லாரி ஏத்திட்டு இருந்தாங்க, தேங்காய் மட்டைத் தூசு கண்ணுல அடிக்குது. என்ன அம்மணி திடீர்னுன்னு கேட்டு எளநி வெட்டச் சொன்னார். வாங்கிக் கையில வெச்சுட்டே சொன்னேன்.

"அண்ணா, நீங்க ஹாஸ்டலப் பத்தி எழுதினத எடுத்தறணுமுங்க."

"ஏன், நல்லாத்தானே எழுதியிருக்கேன். பையன்கிட்டக் காட்டித் திருத்தியெல்லாம் போட்டேன்."

பெத்தவங்க போன்ல என்னென்ன கேக்கறாங்கன்னு ஒண்ணுவிடாமச் சொன்னேன். வாராவாரம் ரூமுக்குள்ள வருவாராமேன்னு தர்மபுரி அம்மா கேட்டதையும் சொன்னேன். அண்ணன் முகம் செவந்து போச்சு. சேர்ல இருந்து எந்திரிச்சுட்டார்.

"நான் எந்த ரூமுக்குப் போனேன்? கார் ஷெட்டத் தாண்டி வந்திருக்கேனா நானு?"

"இல்லீங்கண்ணா. எனக்குத் தெரியுமுங்க."

"பொண்ணுக இருக்கற எடத்துல எனக்கென்ன வேலை?" மறுபடி சேர்ல உக்காந்தார். "பின்னால ஒரு ஆம்பள இருக்கறான்னு தெரிஞ்சா நாலு பேர் தைரியமாச் சேப்பாங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அப்படி எழுதினேன்."

அவருக்கு அழிக்கத் தெரியல. போன என் கையில குடுத்து, நீயே அழிச்சுருன்னார்.

ஜெபிஷா எங்க தொடணும், எத அழுத்தணும்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தா. எல்லாம் சரியா வந்துச்சு. கடைசியில எனக்குக் கை வரல. அப்படியே நின்னுட்டேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. லாரிக்காரங்கெல்லாம் பாக்கறாங்க.

"ஊடு போயிருமோன்னு அழுகறயா?"ன்னார்.

"இல்லீங்கண்ணா. இத அழிச்சுட்டா மறுபடி நீங்க என்னையப் பத்தி இப்படி எழுதுவீங்களா?"ன்னு கேட்டுட்டேன். எப்படித்தான் கேட்டேனோ.

அண்ணன் போன வாங்கி, கைய நீட்டி எட்ட வெச்சு, அவர் எழுதினத அவரே ஒரு தடவ முழுசாப் படிச்சார். துண்டெடுத்து முகத்தத் தொடைச்சுட்டு, "அழுத்து அம்மணி, லாரி நிக்குது"ன்னார்.

அழுத்தினேன். நிச்சயமா அழிக்கவான்னு இன்னொரு தடவ கேட்டுச்சு. அதையும் அழுத்தினேன்.

மறந்துறக் கூடாதுன்னு அந்தக் கடைசி வரிகள இங்க எழுதி வெக்கறேன். தினமும் படிச்சதால மனப்பாடமா இருக்கு. "என் தங்கை ஒற்றை ஆளாக நின்று நடத்துகிறாள். யாரிடமும் கை நீட்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் இவளைப் போல் தைரியசாலி யாரும் இல்லை. நானும் இல்லை."

எங்கண்ணன் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்ல. பத்தாவதுல பள்ளிக்கூடத்துலயே மொதலா வந்தப்பக்கூட, சரி போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னுதான் சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

மொய் வெச்சவங்க எல்லாருக்கும் அண்ணனே போன் போட்டிருக்கார். ஒவ்வொண்ணாக் காணாமப் போகுது. நடு ஹால் போட்டோவும் போயாச்சு. கிட்டுச்சாமி மாமனுக்குக் கோவம், "வெச்சதத் திருப்பிக் குடுக்கற பழக்கம் நம்ம சாதி சனத்துல இல்ல"ன்னு சொன்னாராம். அண்ணன் என்ன சொன்னாரோ, மத்தியானம் அவரும் எடுத்துட்டார். டிராக்டர் ஆறுச்சாமி மட்டும் எனக்கே கூப்பிட்டு, "என்னோடத எடுத்துட்டேனுங்க, நீங்க எங்கடைக்குப் போட்டத மட்டும் எடுத்தறாதீங்க, அது ஒண்ணுதான் இருக்கு"ன்னார்.

எடுக்க வேண்டியதுதான், நானும் டிராக்டர் ஓட்டாதவதான். ஆனா அவ்வளவு பாவமாக் கேக்கறார். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ஜெபிஷாகிட்டச் சொல்லல.

ஜூலை 23, புதன்

எல்லாம் போயி, மறுபடி மழைக்குருவி மட்டும் உச்சாணியில உக்காந்திருக்கு. ஜெபிஷா பக்கத்துல இருந்து பதில் எழுத வெச்சா. நான் நாலு தடவ எழுதினேன், நாலையும் வேண்டாம்னுட்டா. கடைசியில, "நீங்க கேட்டுல ஏன் உக்காந்திருக்கீங்கன்னு மட்டும் எழுதுங்க"ன்னா. இப்படி எழுதினேன்.

"பருப்பு விஷயம் கவனிக்கறேன். கேட்டுல உக்காறத மட்டும் நிறுத்த முடியாது. ஒரு பொண்ணு வெளிய இருக்கறப்ப என்னால உள்ள போயிச் சாப்பிட முடியாது. அண்ணன் தம்பி யார் வந்தாலும் கேட்டுக்கிட்ட சேர் இருக்கு, காபி தருவேன்."

படிச்சுட்டு ஜெபிஷா மூக்க உறிஞ்சினா. சளி புடிச்சிருக்கு போல, கஷாயம் வெச்சுக் குடுத்தேன்.

ஜூலை 26, சனி

தேனியில இருந்து ஒரு அம்மா போன். எடுத்ததுமே, "ஏம்மா, ஒத்த ஸ்டார் போட்டு ஒரு பிள்ளை எழுதியிருக்கே, அது நெசந்தானா?"ன்னாங்க.

வந்துச்சு பாருன்னு நானும் இடுப்புல சேலையச் சொருகிட்டு நின்னேன். எதுங்க நெசமான்னேன்.

"சாயங்காலம் ஆனா நீங்க கேட்டுலயே உக்காந்திருப்பீங்களாம்ல."

"ஆமாங்க, உக்காருவேன்."

"லேட்டானா ஆபீசுக்கே போன் போடுவீங்களாம்."

"போடுவேனுங்க. இனிமேலும் போடுவேன்."

"கூடப் பொறந்தவனாயிருந்தாலும் உள்ள விட மாட்டீங்களாம்."

"விட மாட்டேனுங்க. இதெல்லாம் குத்தம்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க"ன்னேன். வர்ற கோவத்துல கட்டில் காலியா இருக்கறதே மறந்து போச்சு.

அப்பறம் அந்தம்மா சொன்னாங்க, "எம்மக மொதத் தடவையா வீட்ட விட்டு வர்றா. அவங்க அப்பா கிடையாது. நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல. நீங்க எழுதின பதில மூணு தடவ படிச்சேன். ஒரு கட்டில் போட்டு வைங்க தாயி, நாங்க திங்கக்கிழமை வர்றோம்."

போன வெச்சுட்டு மாராத்தா தோளப் புடிச்சுட்டு அழுதேன். அவ என்னமோ ஏதோன்னு பயந்துட்டா.

ஜூலை 31, வியாழன்

தேனிப் பொண்ணு வந்து சேர்ந்தாச்சு. ஊர்க்காரப் புள்ளைக ரெண்டையும் கூட்டிட்டு வந்திருச்சு. தர்மபுரி அம்மாவும் மறுபடி கூப்பிட்டாங்க, இப்பத்தான் பக்கம் சரியா இருக்குதுங்கன்னாங்க. எல்லாரும் அதே கேள்வி, கேட்டுல உக்காருவீங்களாமே. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஆனா நல்ல வலி. பாய் தலகாணிக்குக் கடைக்காரன்கிட்டச் சொல்லியிருக்கேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம் எல்லாம் பண்ணி, பொண்ணுங்கள மொட்டை மாடியில உக்கார வெச்சுப் போட்டேன்.

எல்லாரும் எறங்கிப் போனதுக்கப்பறம் ஜெபிஷா மட்டும் தட்ட வெச்சுட்டே நின்னா.

"ஆன்ட்டி, மழைக்குருவி நான்தான்."

நான் தேங்காய் சாதப் பாத்திரத்தச் சொரண்டிட்டு இருந்தேன். நிறுத்தல.

"அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. கோவத்துல எழுதிட்டேன். கோவம் ஆறினதும் அழிக்கலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள மாமாங்கெல்லாம் வந்துட்டாங்க. உள்ள தங்கியிருக்கற பொண்ணு எழுதினதுன்னு பாத்தாலே தெரியறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா உங்க பக்கத்துல நெசம்னு ஒண்ணுமே இருக்காதேன்னு விட்டுட்டேன். இப்ப வேணா அழிச்சுடறேன் ஆன்ட்டி."

"அதத் தொட்டே, கைய ஒடிப்பேன்"னேன். "பாதிக் கட்டிலு அதனாலதான் நெறஞ்சிருக்கு."

சிரிச்சுட்டே அழுதா. உங்கண்ணனுக்குச் சொல்லு, அடுத்த தடவ வந்தா கேட்டுலயே எல போட்டுச் சாப்பாடு போடறேன்னு சொன்னேன். உங்களுக்கு எப்பத் தெரியும்னு கேட்டா. பாத்திரம் வெளக்கற வேலை இருந்துச்சு, எறங்கி வந்துட்டேன்.

உண்மையச் சொன்னா மாடிப்படி எறங்கறப்பத்தான் எனக்கே எல்லாம் சேந்து வந்துச்சு. நாகர்கோவில் பெட்டி, மழை, ஆபீஸ் போன். நானெல்லாம் எந்த ஊர்த் துப்பறியறவ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாம்பாருக்குப் பருப்பு ஒரு கை கூடப் போடச் சொல்லியிருக்கேன். மாராத்தாவுக்கு அதுல வருத்தம்.

கீழ ரூம்ல ஜன்னலோரக் கட்டில் ஒண்ணு மட்டும் இன்னும் காலி. நெறஞ்சான்னுதான் அண்ணன் சொன்னார். ஒண்ணு காலியா இருந்தா நெறஞ்சதா, நெறையலயா. அவர்கிட்டக் கேக்கவும் பயம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒண்ணு.

காலையிலயே அண்ணன் கார் வந்து நிக்கற சத்தம். பின்னால ஒரு ஆட்டோ, அதுல ஒருத்தன் டிரில்லிங் மெஷினோட எறங்கறான். அளந்துட்டுப் போனவங்க இப்ப ஓட்டை போடவே வந்துட்டாங்கன்னு நெனச்சேன். கூட்டிட்டு இருந்த வெளக்கமாத்தோடயே கேட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் ரோட்டுலயே நிக்கறார். கார் ஷெட்டுல எப்பவும்போல சேர் போட்டு வெச்சிருக்கேன், அதத் திரும்பிக்கூடப் பாக்கல.

"உள்ள வாங்கண்ணா"ன்னேன்.

"நீ இரு"ன்னுட்டு ஆட்டோவுல இருந்து ஒரு போர்டத் தூக்கினார். நீலக் கலர்ல, வெள்ளை எழுத்துல, நல்ல கனமான தகடு. பாக்கியம் லேடீஸ் ஹாஸ்டல்னு மேல. கீழ, அவ்வளவு பெருசா, "ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை."

டிரில்லிங்காரன்கிட்ட, "நாலு பக்கமும் நல்ல போல்ட்டாப் போடு. நாளைக்கே கழண்டு வர்றாப்பல இருக்கக் கூடாது. வருசக்கணக்கா நிக்கணும்"னார்.

எனக்கு மொதல்ல வெளங்கல. அப்பறம் கேட்டோரச் செவுத்துல மெஷின் எறங்கறப்ப, மண்ணு பொலபொலன்னு கொட்டறப்ப வெளங்குச்சு. விக்கப் போற வீட்டுச் செவுத்துல யாரு இப்படிப் போல்ட் போடுவாங்க. அந்தக் கேட்டுச் சேர்லயே உக்காந்துட்டேன்.

"அண்ணா, கீழ ஒரு கட்டில் இன்னும் காலியா இருக்குதுங்க"ன்னேன். எதையும் மறைச்சு வெக்கப் புடிக்கல.

"இருக்கட்டும். அந்தப் பில்டருக்கு ஆடி பாதியிலயே குடுக்கலன்னு சொல்லிட்டேன்."

பாதியிலயேவா. தேனிப் பொண்ணு வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா. கேக்கலாம்னு வாயெடுத்தேன். டிரில்லிங் சத்தத்துல அவருக்குக் கேக்கல, நானும் மறுபடி கேக்கல.

காபி கொண்டாந்தேன். வெய்யில்ல நிக்கறீங்களே, கார் ஷெட்டுக்காச்சும் வாங்கன்னு கெஞ்சினேன். போர்டக் காட்டறார். எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலயாங்கறார். கேட்டுக்கு வெளிய ரோட்டுல நின்னே, கம்பிக்கு நடுவுல டம்ளர வாங்கிக் குடிச்சார்.

மாடியில இருந்து ஜெபிஷாவும் தேனிப் பொண்ணும் எட்டிப் பாத்துச் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

குடிச்சு முடிச்சு டம்ளரக் குடுத்துட்டு, "அந்தப் பொண்ணக் கூப்பிட்டு இந்தப் போர்ட ஒரு போட்டோ எடுத்து அதுல போடச் சொல்லு"ன்னார். ஜெபிஷா ஓடி வந்து போனத் தூக்கினா.

அண்ணன் துண்டத் தோள்ல போட்டுட்டு நாலு எட்டுத் தள்ளிப் போயி, எதுத்த வீட்டுச் செவுத்தோரமா நின்னுக்கிட்டார். "பாத்து எடு கண்ணு. நான் அதுல விழுந்தறப் போறேன்."